விண்டோஸா, லினக்ஸா? உங்கள் கணினியிலேயே அளந்து பார்த்து முடிவெடுக்கும் வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின. வீட்டு உபயோகத்துக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், அதுவும் 2026 அக்டோபரில் முடிகிறது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் இந்த வாசலில் நிற்கின்றன. மாற்றாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. "லினக்ஸ் போட்டால் வேகமாக இருக்குமா? ஹேங் ஆகாதா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சின்ன அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்வி ஃபைல் சர்வர், பில்லிங் சர்வர் என்ற உருவத்தில் வருகிறது.

பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் பழகிய பக்கத்திலிருந்தே சொல்கிறார்கள். வேறொருவர் வேறொரு கணினியில் எடுத்த எண்களும் உங்களுக்கு அதிகம் உதவாது. உங்கள் இயந்திரத்தில், உங்கள் வேலையை வைத்து நீங்களே அளக்கலாம். அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு உதிரி எஸ்எஸ்டி, ஒரு பென்டிரைவ், ஒரு நோட்டு, இரண்டு வாரப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் வேலைப் பட்டியல்

நோட்டில் உங்கள் கணினி தினமும் செய்யும் ஐந்தாறு வேலைகளை எழுதுங்கள். பொதுவாக "இணையம் பார்ப்பேன்" என்று எழுதினால் அளக்க முடியாது. "குரோமில் பத்து டேப், அதில் ஒன்றில் யூடியூப், பக்கத்தில் எக்ஸெல்" என்று எழுதினால் அளக்கலாம். "கேமரா கார்டிலிருந்து ஐந்நூறு படங்களைக் காப்பி செய்வது", "இருபது பக்க பிடிஎஃப்பை அச்சுக்கு அனுப்புவது" என்று நோட்டு நிறையட்டும்.

எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் எந்த மென்பொருள் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். டேலி, ஃபோட்டோஷாப், பழைய தமிழ் எழுத்துருக்களை நம்பியிருக்கும் பேஜ்மேக்கர் ஃபைல்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பிழைப்புக்கு அத்தியாவசியம் என்றால், அந்தக் கணினிக்கு விண்டோஸ்தான். லினக்ஸில் இவற்றை ஓட்டுவதற்குச் சுற்றுவழிகள் சிலவற்றுக்கு உண்டு. ஆனால் சம்பளம் போடும் நாளன்று சுற்றுவழி காலை வாரிவிட்டால் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். தமிழ் தட்டச்சைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உள்ளேயே இருக்கிறது.

பழி யார் மேல்? வன்பொருளைச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். "விண்டோஸ் அடிக்கடி ஹேங் ஆகிறது" என்று கொண்டுவரப்படும் கணினிகளில் விண்டோஸுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பழுதான ரேமின் மேல் எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் அது விழும். லினக்ஸுக்கு மாறிவிட்டு, அங்கேயும் அதே நேரத்தில் உறைந்து நிற்பதைப் பார்த்தபிறகுதான் பலர் ரேமைக் கழற்றிப் பார்க்கிறார்கள்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவி. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் பிழைக் கணக்கு சுழியமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். இரண்டு ரேம் கார்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

டிஸ்குக்கு ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை காட்டும். நீளமான அட்டவணை ஒன்று வந்து மிரட்டும். ஹார்டு டிஸ்க் என்றால் மூன்று வரிகளைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். கடைசி நிரலில் உள்ள மூல எண் இந்த இரண்டிலும் சுழியமாக இருப்பதுதான் ஆரோக்கியம். சுழியம் இல்லையென்றால் இன்று குறித்துவைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் உடனே பேக்கப் எடுத்து டிஸ்கை மாற்றுங்கள். 199-ஆம் எண் வரி வேறு வகை. அது ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும், டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில நூறு ரூபாய் கேபிள் ஒன்று முழுக் கணினியையும் திணறடித்திருக்கும், உரிமையாளர் இயங்குதளத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது சூடு. நம் ஊர் மே மாதத்தில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் கணினி, தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும். காலையில் எடுத்த எண்ணும் பிற்பகலில் எடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்டைப் புதுப்பியுங்கள். இவை முடிந்தபிறகு எடுக்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

சமமான களம்

ஒப்பிடும்போது இயங்குதளம் மட்டுமே மாற வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். அதே கணினி, அதே ரேம். டிஸ்கும் அதே மாடலாக இருந்தால் நல்லது. பழைய ஹார்டு டிஸ்கில் இருந்த விண்டோஸையும் புது எஸ்எஸ்டியில் போட்ட லினக்ஸையும் ஒப்பிட்டு "லினக்ஸ் பறக்கிறது" என்பவர்கள் உண்மையில் பார்த்தது எஸ்எஸ்டியின் வேகத்தை. நான்கைந்து வருடம் ஓடிக் களைத்த விண்டோஸோடு நேற்று போட்ட லினக்ஸை மோதவிடுவதும் நியாயமில்லை. இரண்டையும் புதிதாக நிறுவுங்கள்.

பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டும் லினக்ஸில் வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். வேகத்தை அதில் அளக்காதீர்கள். ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வைத்து அளப்பதும் இதே போலத்தான், உள்ளே இருப்பது பெரும்பாலும் தோற்கும்.

நிறுவியவுடனே அளக்கவும் கூடாது. விண்டோஸ் முதல் நாளில் அப்டேட்டுகளை இறக்கும், ஃபைல்களுக்கு அட்டவணை போடும், பின்னணியில் ஏதாவது செய்துகொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, வன்பொருளை இயக்கும் டிரைவர்களை எல்லாம் போட்டு, ரீஸ்டார்ட் செய்தபின் தொடங்குங்கள். லேப்டாப் என்றால் இரண்டிலும் சார்ஜரில் மாட்டியபடி, ஒரே மின்சேமிப்பு நிலையில் வையுங்கள். ஒவ்வொரு அளவையும் ஐந்து முறை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்.

மேக்ஓஎஸ் இந்த ஒப்பீட்டுக்குள் சரியாக வராது. அது ஆப்பிள் கணினியோடு பிணைந்தது. வன்பொருளைத் தவிர்த்து இயங்குதளத்தை மட்டும் அளக்க வழியில்லை.

வீட்டுக் கணினியில் வேகம்

பூட் நேரத்திலிருந்து தொடங்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்குகிறது. ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் முழுமையாக அணைவதில்லை, அதன் நிலை டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு அடுத்த முறை அங்கிருந்து எழுகிறது. ஆகவே அணைத்துப் போட்டு எடுக்கும் நேரத்தை லினக்ஸின் முழு பூட் நேரத்தோடு ஒப்பிட்டால் அது வேறு வேறு வேலை. இரண்டிலும் ரீஸ்டார்ட் கொடுத்து, டெஸ்க்டாப் வந்து பிரவுசர் திறந்து முதல் பக்கம் தெரியும் வரை கைப்பேசி ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். லினக்ஸில் சிஸ்டம்டி-அனலைஸ் (systemd-analyze) என்று கட்டளை தட்டும் டெர்மினலில் கொடுத்தால் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்), பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் மென்பொருள்), கர்னல், அதற்குமேல் உள்ளவை என்று பிரித்துக் காட்டும். பல சமயம் ஃபர்ம்வேரே கணிசமான நேரத்தை விழுங்கியிருக்கும். அது இரண்டுக்கும் பொதுவான செலவு.

அடுத்தது பிராசசர். 7-ஜிப் மென்பொருளுக்குள்ளேயே ஒரு வேகச் சோதனை இருக்கிறது; விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இதில் பெரிய வித்தியாசம் வராது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சுத்தமான கணக்கு வேலையில் இயங்குதளம் பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. இங்கே பெரிய வித்தியாசம் தெரிந்தால் டிரைவரையோ மின்சேமிப்பு நிலையையோ மறுபடி பாருங்கள்.

வித்தியாசம் வருவது சின்னச் சின்ன ஃபைல்களில். ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் உள்ள ஒரு ஃபோல்டரை ஜிப்பிலிருந்து விரித்துப் பாருங்கள். லினக்ஸ் பெரும்பாலும் முந்தும். விண்டோஸில் ஒவ்வொரு ஃபைலும் திறக்கப்படும்போது வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைச் சோதிக்கிறது, ஃபைலைத் திறந்து மூடும் செலவும் அங்கே கூடுதல். புரோகிராம் எழுதுபவர்கள் இதை நாள் முழுக்க உணர்வார்கள். நான்கு ஜிபி சினிமா ஒன்றைக் காப்பி செய்பவர் உணரவே மாட்டார். அதனால்தான் வேலைப் பட்டியலை முதலில் எழுதச் சொன்னேன்.

ரேமைப் பார்க்கும்போது பயந்துவிடாதீர்கள். லினக்ஸில் ஃப்ரீ (free) என்ற கட்டளை கொடுத்தால் காலியாக உள்ளது மிகக் குறைவாகத் தெரியும். சும்மா கிடக்கும் ரேமை டிஸ்கில் படித்ததை வைத்துக்கொள்ள லினக்ஸ் பயன்படுத்துகிறது, கேட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த வரியின் கடைசியில் அவைலபிள் என்ற நிரல் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அது. விண்டோஸும் இதையே செய்கிறது, டாஸ்க் மேனேஜரில் கேஷ்டு என்ற எண் அதுதான். நான்கு ஜிபி ரேம் உள்ள கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டால் விண்டோஸ் 11-ஐ விட எளிதாக மூச்சு விடுவது நிச்சயம். ஆனால் அதே பத்து டேப் குரோம் இரண்டிலும் ஏறக்குறைய அதே ரேமைத் தின்னும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், இயங்குதளத்தை மாற்றும் முன் எட்டு ஜிபி ஆக்குங்கள்.

வீட்டுக் கணினி நம்பகமானதா?

மனதில் பதிவது கடைசியாக விழுந்த நாள் மட்டும்தான். ஆகவே பதிவேட்டைப் படியுங்கள். விண்டோஸில் தேடல் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டர் வரும். நாள்வாரியாக ஒரு கோடு, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். சிவப்புக் குறி உள்ள நாளைத் தொட்டால் அன்று எது விழுந்தது என்று கீழே பெயர் வரும். ஒரே மென்பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் விண்டோஸை விட்டுவிட்டு அந்த மென்பொருளைப் பிடியுங்கள்.

இதைவிட ஆழமாகப் போக, ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் என்ற பெயரோடு 41 என்ற எண்ணைத் தேடுங்கள். கணினி முறையாக அணையாமல் மறுபடி எழுந்திருக்கிறது என்று பொருள். அதைத் திறந்து விவரங்கள் பக்கத்துக்குப் போனால் பக்செக்கோட் என்ற வரி இருக்கும். அதில் சுழியம் இருந்தால் மின்சாரம் போயிருக்கும், அல்லது பவர் சப்ளை சரியில்லை, அல்லது முற்றாக உறைந்து நீங்கள் பொத்தானை அழுத்தி அணைத்திருப்பீர்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. பெரும்பாலும் டிரைவரோ ரேமோ காரணம்.

லினக்ஸில் லாஸ்ட் (last) என்ற கட்டளை, கணினி எப்போது எழுந்தது, எப்போது அணைந்தது என்று வரிசையாகக் காட்டும். முறையாக அணையாத இடங்களில் கிராஷ் என்று நிற்கும். ஏன் என்று அறிய ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை. முந்தைய பூட்டின் பிழைகளை மட்டும் காட்டச் சொல்லலாம். இரண்டு வாரம் முடிந்ததும் இரண்டு இயங்குதளங்களின் எண்ணிக்கையையும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

நம்பகத்தன்மையில் இன்னொரு கூறும் உண்டு. எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை வரும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு. உபுண்டு புரோ கணக்கு தொடங்கினால் பத்தாண்டு, சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினி வரை இலவசம்.

சர்வருக்கு அளவுகோல் வேறு

வீட்டில் கணினி ஐந்து நிமிடம் விழுந்தால் எரிச்சல் மட்டும்தான். பில்லிங் சர்வர் ஐந்து நிமிடம் விழுந்தால் கடையில் வரிசை நிற்கும். ஆகவே சராசரி வேகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மிக மோசமான தருணத்தையும், விழுந்தபின் எழும் நேரத்தையும் அளக்க வேண்டும்.

சராசரி ஏன் ஏமாற்றும் என்றால், டவுன் பஸ் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று சொல்லலாம். மூன்று பஸ் ஒன்றாக வந்துவிட்டு அரைமணி நேரம் எதுவும் வராவிட்டாலும் சராசரி அதேதான், நிறுத்தத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். உங்கள் பில்லிங் கோரிக்கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று பாருங்கள். டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் ஃபியோ (fio) என்ற கருவியால், எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் உண்மையிலேயே டிஸ்கில் இறங்கும்வரை காத்திருக்கும் வகையில் சோதிக்க வேண்டும். விளம்பரத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி காட்டும் வீட்டு எஸ்எஸ்டிகள் இந்தச் சோதனையில் பரிதாபமாகத் தடுமாறும். சர்வருக்கென்று செய்யப்படும் எஸ்எஸ்டிகளில் மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கக் கெபாசிட்டர்கள் உண்டு. விலைக்குக் காரணம் அது.

லினக்ஸ் சர்வரில் அப்டைம் (uptime) என்று தட்டினால் மூன்று எண்கள் வரும்: கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடத்தின் சுமை. நான்கு கோர் உள்ள சர்வரில் நான்கைத் தாண்டிவிட்டதே என்று பிராசசரை மாற்ற ஓடாதீர்கள். லினக்ஸில் டிஸ்குக்காகக் காத்திருக்கும் வேலைகளும் அந்தக் கணக்கில் சேரும். பிராசசர் சும்மா இருந்தும் எண் ஏறினால் டிஸ்க்தான் இழுக்கிறது.

அதே கட்டளை எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்பதையும் காட்டும். ஆண்டுக்கணக்கில் ஓடும் சர்வரைப் பெருமையாகக் காட்டுவது ஒரு காலத்து வழக்கம். விண்டோஸ் 95-லும் 98-லும் மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் கணக்கி 49.7 நாளில் நிரம்பிக் கணினி உறைந்துவிடும் பிழை இருந்த நாட்களில் அந்தப் பெருமைக்குப் பொருள் இருந்தது. பழைய லினக்ஸிலும் 497 நாளில் அந்த எண் சுழியத்துக்குத் திரும்பும். இன்று இரண்டு வருடம் அணையாத சர்வர் என்றால், அணைக்காமலே கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் போன்ற ஏற்பாடு இல்லாவிட்டால், இரண்டு வருடமாகக் கர்னல் அப்டேட் செயல்பாட்டுக்கு வரவில்லை என்று பொருள். எனக்கு அதைப் பார்த்தால் கவலைதான் வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியிடுகிறது. விண்டோஸ் சர்வர் என்றால் அந்த வாரத்தில் ஒரு இரவை ரீஸ்டார்ட்டுக்கு ஒதுக்குங்கள். லினக்ஸில் கர்னல் தவிர்த்த பெரும்பாலான அப்டேட்டுகளுக்கு அந்தந்தச் சேவையை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். அங்கேயும் மாதம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, எல்லாச் சேவைகளும் தானாக எழுகின்றனவா என்று பாருங்கள்.

எவ்வளவு நேரம் விழலாம் என்று ஓர் இலக்கு வையுங்கள். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் 53 நிமிடம்கூட இல்லை. யூபிஎஸ் இல்லாமல், ஒரே இணைய இணைப்போடு, மின்வெட்டு உள்ள ஊரில் இரண்டாவது எண்ணைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் யூபிஎஸ்ஸை வாங்கி, பேட்டரி குறைந்தால் சர்வர் தானாக முறையாக அணையும்படி அதன் கேபிளை இணைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. உண்மைத் தகவல் ஏதும் இல்லாத நிலையில், சர்வர் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது மின் இணைப்பைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டு, முழுதாக வேலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, எழுதியவற்றில் எது காணவில்லை என்று குறியுங்கள். ஃபைல்முறை என்பது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. லினக்ஸின் எக்ஸ்ட்4-ம் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் வைத்திருப்பதால் ஃபைல்முறை பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் ஃபைலுக்குள் இருக்கும் தகவல் கெட்டிருந்தால் அவை வழக்கமாகச் சொல்லாது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்முறை ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருப்பதால் கண்டுபிடித்துச் சொல்லும், இரட்டைப் பிரதி இருந்தால் திருத்தியும் விடும். குடும்பப் படங்கள், அலுவலக ஆவணங்கள் என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஃபைல் சர்வருக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஃபிரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தில் அது கூடவே வருகிறது. நெட்ஃப்ளிக்ஸ் தன் வீடியோக்களை உலகெங்கும் அனுப்பும் இயந்திரங்களும் ஃபிரீபிஎஸ்டியில்தான் ஓடுகின்றன.

சர்வர் எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் அதில் இன்னொருவர் போடும் மென்பொருள் அதைச் சாய்க்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திண்டாடின. பிழை விண்டோஸில் இல்லை, கர்னல் வரை நுழைய அனுமதிக்கப்பட்ட பாதுகாப்பு மென்பொருளில் இருந்தது. லினக்ஸ் பக்கம் வேறு மாதிரியான அடி விழுந்தது. 2029 வரை வரும் என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வகையின் ஆதரவை 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவிட்டார்கள். பலர் அவசர அவசரமாக அதைப் போன்ற அல்மாலினக்ஸுக்கும் ராக்கி லினக்ஸுக்கும் மாறினார்கள்.

எதைப் போடுவது என்று என்னைக் கேட்டால்: இணையதளம், டேட்டாபேஸ், ஃபைல் சேமிப்பு ஆகியவற்றுக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகை அல்லது உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு. உலகின் வேகமான 500 சூப்பர்கணினிகளின் பட்டியல் முழுவதும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ்தான் என்பது உங்கள் கடைச் சர்வருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கோளாறு வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் ஆவணமும் ஏராளம் என்பது பொருந்தும். அலுவலகக் கணினிகளையும் பயனாளர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி தேவைப்பட்டால், அல்லது உங்கள் கணக்கு மென்பொருள் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரோடு விண்டோஸில் மட்டும் ஓடுமென்றால் தயங்காமல் விண்டோஸ் சர்வர் போடுங்கள். 180 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது, அளந்து பார்க்க அது போதும். வாங்கும்போது உரிமத்தைக் கணக்கிடுங்கள். கோர் எண்ணிக்கைப்படி விலை, குறைந்தது 16 கோர்களுக்கு வாங்க வேண்டும், அதற்குமேல் பயனாளர்களுக்குத் தனி உரிமம். அந்தப் பணத்துக்கு எவ்வளவு ரேமும் நல்ல எஸ்எஸ்டியும் வரும் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

நோட்டில் இன்னும் ஒரு வரி பாக்கி. பேக்கப்பை எடுத்து, வேறொரு காலிக் கணினியில் முதலிலிருந்து ஏற்றி, சர்வரை ஓடவைக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளந்து எழுதுங்கள். இதை நீங்கள் செய்யாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அதைச் செய்யப்போகிறவரிடம், நீங்கள் எழுதிவைத்த குறிப்பை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எந்த இயங்குதளத்தில் அவர் முதலில் முடிக்கிறாரோ, உங்கள் அலுவலகத்துக்கு அது. வீட்டுக் கணினியில் மாறியவர்கள் பழைய டிஸ்கை மூன்று மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள், ஏதாவது ஒரு பழைய ஃபைலைத் திறக்க அது தேவைப்படும்.